கம்யூனிட்டி காலேஜை நம்பி இறங்கலாமா? (வட கரோலினா)

பொடிடப்பா எழுதியது:
வணக்கம். எட்டு வருஷமா இங்க இருக்கோம். போன மாசம்தான் ஹெச்4 ஈஏடி (வீட்டுக்காரர் விசாவுல வந்தவங்க வேலை பார்க்கிறதுக்கான அனுமதி) கைக்கு வந்தது. ஊர்ல பி.காம். முடிச்சு ரெண்டு வருஷம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தேன், அப்புறம் பிள்ளைங்கன்னு ஆயிடுச்சு. யுனிவர்சிட்டிக்குப் போக காசும் இல்ல, நேரமும் இல்ல. இருபது நிமிஷத் தொலைவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ் (சர்டிஃபிகேட், ரெண்டு வருஷப் படிப்பெல்லாம் தர்ற அரசுக் கல்லூரி) இருக்கு. அங்க புக் கீப்பிங் சர்டிஃபிகேட் படிச்சு வேலை தேடவா? இல்ல, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் அரைச்சுக் கொடுக்கிற சாம்பார்பொடி, பருப்புப்பொடியையே தொழிலாப் பண்ணவா? "அதெல்லாம் நம்ம ஊர் டுட்டோரியல் மாதிரி"ங்கிறார் வீட்டுக்காரர். படிச்சவங்க யாராவது சொல்லுங்க.

ராத்திரிஷிப்ட் எழுதியது:
41 வயசுல லேஆஃப் ஆகுற வரைக்கும் நானும் உங்க வீட்டுக்காரர் கட்சிதான். இப்ப ஒரு ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்.

எங்க பிஎல்சி (ஃபேக்டரி மெஷினை இயக்குற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) லேப் வாத்தியார் முப்பது வருஷம் மில்லுல எலக்ட்ரீஷியனா இருந்த மனுஷன். வகுப்புக்கு முன்னாடியே வந்து, பேனல்ல ஒரே ஒரு வயரை டெர்மினல்ல லேசா இளக்கி வச்சிடுவார். பார்த்தா மாட்டின மாதிரியே இருக்கும், கன்வேயர் மட்டும் ஓடாது. "லைன் நின்னுபோச்சு, மேனேஜர் உன் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறான், ஆரம்பி"ன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்துருவார். முதல் நாள் நான் பெரிய இவன் மாதிரி லேப்டாப்பைத் திறந்து புரோகிராம்ல தப்பு தேடினேன். நாற்பது நிமிஷம் போச்சு. பக்கத்துல இருந்த பத்தொன்பது வயசுப் பையன் மல்டிமீட்டரை எடுத்து, 24 வோல்ட் எதுவரைக்கும் வருதுன்னு ஒவ்வொரு டெர்மினலா வச்சுப் பார்த்து ஆறு நிமிஷத்துல புடிச்சுட்டான்.

பின்னால ஒரு இன்டர்வியூவுல இதே மாதிரி ஒரு பேனலை முன்னாடி வச்சாங்க. அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் எங்க கோர்ஸுக்கு யோசனை சொல்ற கம்பெனிக்காரங்க குழுவான அட்வைசரி கமிட்டியில இருக்கார்னு சேர்ந்த பிறகுதான் தெரியும். அதனால, ஃபீஸ் விசாரிக்கிறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல போய், கமிட்டியில யார் யார் உக்காருறாங்க, போன பேட்ச்ல எத்தனை பேரை எந்தக் கம்பெனி எடுத்ததுன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

நான் ஏமாந்த கதை: முதல் கிளாஸை கன்டினியூயிங் எஜுகேஷன்ல, அதாவது அதே காலேஜோட குறுகியகாலப் பயிற்சிப் பிரிவுல எடுத்துட்டேன். அப்ப 51 மணி நேரத்துக்கு மேல எவ்வளவு போனாலும் 180 டாலர்தான், மலிவா இருக்கேன்னு. அதே லேப், அதே வாத்தியார். அசோசியேட் டிகிரிக்கு (ரெண்டு வருஷப் பட்டம்) மாறினப்ப அந்த கிளாஸுக்குப் பட்டத்துல சேர்க்கிற கிரெடிட் கிடையாதுன்னுட்டாங்க. ஒரு கிரெடிட் 76 டாலர்னு கட்டி அதையே திரும்பப் படிச்சேன். சேரும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கறிவேப்பிலை எழுதியது:
தொழில் பக்கம் நான் சொல்றேன். இந்த மாநிலத்துல இருக்கிற 58 கம்யூனிட்டி காலேஜ்லயும் ஒரு ஸ்மால் பிசினஸ் சென்டர் உண்டு. ஸ்டூடன்ட்டா இருக்கணும்னு இல்ல, ஆலோசனைக்குக் காசும் இல்ல. நான் பொடிக் கணக்கை நோட்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த அம்மா விலையைப் பத்தி வாயே திறக்கல. "ஒரு மணி நேரத்துல எத்தனை பாக்கெட்?"னு மட்டும் கேட்டாங்க. பதினாறுன்னேன். வீட்டுக்கு வந்து கடிகாரம் வச்சுப் பார்த்தா ஒன்பதுதான் வருது. மிக்ஸி சூடாகி, அது ஆற நான் காத்திருக்கிற நேரத்தை நான் கணக்கிலேயே சேர்க்கல!

பொடி வகை வீட்டுக் கிச்சன்லயே பண்ணலாம், மாநில விவசாயத் துறை ஆள் வந்து பார்த்துட்டுப் போவாங்க. ஊறுகாய்ல மட்டும் அவசரப்பட்டுக் கையை வைக்காதீங்க, அதுக்கு டெஸ்ட், தனிப் பயிற்சின்னு பெரிய கதை. இன்னொன்னு, வீட்டுக்குள்ள நாய் பூனை எதுவுமே இருக்கக்கூடாது.

சந்தேகப்பிராணி எழுதியது:
எல்லாம் சரி. 2003-ல கன்னாபொலிஸ் ஊர்ல பில்லோடெக்ஸ்ங்கிற ஜவுளி மில் மூடினப்ப இந்த மாநிலத்துல மட்டும் 4,000 பேருக்கு மேல ஒரே நாள்ல வேலை போச்சு. அந்தப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜ்ல கூட்டம் கூட்டமாச் சேர்ந்தாங்க, ஐம்பது வயசுல ஹைஸ்கூல் பாடத்துல இருந்து ஆரம்பிச்சவங்க உண்டு. படிச்சு முடிச்ச எல்லாருக்கும் பழைய சம்பளம் கிடைச்சுதா? இல்லையே. ஊர்ல வேலையே இல்லாதப்ப காலேஜ் என்ன செய்யும்?

ராத்திரிஷிப்ட் எழுதியது:
அதை மறுக்கல. எங்க வாத்தியாரே அப்படி ஒரு மில் மூடி வந்தவர்தான். ஆனா எதிர்ப்பக்கமும் உண்டு. கம்பெனி புதுசா ஆள் எடுக்க வந்தா, அவங்க மெஷினுக்கு ஏத்த பயிற்சியை மாநிலச் செலவுல காலேஜே நடத்தித் தரும். 1958-லயே தொடங்கின ஏற்பாடு இது. இதே மாநிலத்து லிபர்ட்டி ஊர்ல டொயோட்டா பேட்டரி ஆலை வரப்போகுதுன்னு 2021-ல அறிவிச்சப்ப, என்கூடப் படிச்ச ரெண்டு பேர் அன்னைக்கே ரெஸ்யூமைத் தூசி தட்டினாங்க. அதனால தங்கச்சி, உங்க வீட்டுல இருந்து அரைமணி நேர டிரைவுக்குள்ள எத்தனை புக் கீப்பிங் வேலைக்கு விளம்பரம் வருதுன்னு ஒரு மாசம் எண்ணிப் பாருங்க. பத்துகூடத் தேறலன்னா அந்த சர்டிஃபிகேட் வேண்டாம்.

பொடிடப்பா எழுதியது:
நன்றிண்ணா, நன்றிக்கா. நாலு நாள்ல மூணு விளம்பரம் கண்ணுல பட்டுது, ரெண்டுல குவிக்புக்ஸ் (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) தெரியணும்னு கேக்கிறாங்க. ஸ்மால் பிசினஸ் சென்டர்ல வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஆனா ஒரு சிக்கல். பையன் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்கி நாலு மாசம்தான் ஆகுது. அதை வெளிய அனுப்பணும்னு அவன்கிட்ட யார் சொல்றது?

கறிவேப்பிலை எழுதியது:
நாயை அனுப்ப வேண்டாம். மணிக்கணக்குல வாடகைக்கு விடுற கமர்ஷியல் கிச்சன் உங்க கவுன்ட்டியில இருக்கான்னு வியாழக்கிழமை அங்கேயே கேளுங்க. அந்த வாடகையையும் சேர்த்துப் பாக்கெட் கணக்கைப் போட்டு எடுத்துட்டுப் போங்க. மிக்ஸி ஆற நேரத்தை மறந்துடாதீங்க!