பாரமீசியத்தின் சவ்வு இணைவை ஆள்வது எது: ஸ்நேரா, ரோசெட்டா?

குளத்துநீர்:
பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியின் மேற்பரப்புக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் டிரைக்கோசிஸ்ட் பைகள் (தூண்டினால் அம்புபோல் வெளியே பாயும் பொருளைக் கொண்டவை) செல் சவ்வில் ஒட்டியபடி, நாணேற்றிய வில்லைப் போலக் காத்திருக்கின்றன. தூண்டல் வந்தால் 80 மில்லிசெகண்டுக்குள் சவ்வுகள் இணைந்து பெரும்பாலானவை வெடித்து வெளியேறிவிடும். வராதவரை ஒன்றும் நடக்காது. ‘ஸ்நேர் புரதங்கள் முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வையும் நெருக்குகின்றன’ என்று சொல்லிப் பாடப்புத்தகம் முடித்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பை அது விளக்கவே இல்லை. 1970களில் பாரமீசியத்தையும் அதன் உறவான டெட்ராஹைமீனாவையும் உறையவைத்துப் பிளந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இணைவு நடக்கப்போகும் இடத்தில், சவ்வுக்குள் துகள்கள் வட்டமாக நின்றன. அதுதான் ரோசெட். ‘என்டி’ (nd, non-discharge: வெளியேற்றாதவை) மரபுத்திரிபுகளில் பைகள் வந்து ஒட்டுகின்றன. ஆனால் ரோசெட் இல்லை, வெளியேற்றமும் இல்லை. என்னைப் பொறுத்தவரை கட்டுப்பாடு அங்கேதான் இருக்கிறது.

ஈஸ்ட்காரி:
ஏற்க முடியாது. 1979–80இல் நோவிக், ஷெக்மன் ஆகிய ஆய்வாளர்கள் ஈஸ்டில் சுரப்பு நின்றுபோகும் திரிபுகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றான செக்18, விலங்குச் செல்லில் முறுக்கிய ஸ்நேர்களைப் பிரித்துவிடும் என்எஸ்எஃப் புரதத்தின் இணை என்று பின்னால் தெரிந்தது. ஈஸ்டிலிருந்து மனித நரம்பு வரை ஒரே இயந்திரம். 2013இல் நோபல் கிடைத்ததும் இந்தத் துறைக்குத்தான். ஈஸ்டில் ரோசெட் கிடையாது, ஆனாலும் அது சுரக்கிறது. ஈஸ்டில் இல்லாத ஒன்று இணைவுக்கு அடிப்படையாக எப்படி இருக்கும்?

குளத்துநீர்:
ஈஸ்டில் பை வந்தவுடன் இணைந்துவிடுகிறது, நிறுத்திவைக்கும் வேலையே பெரிதாக இல்லை. என் கேள்வியே அந்த நிறுத்தம்தான். என்டி9 திரிபைப் பாருங்கள். 18 டிகிரியில் வளர்த்தால் ரோசெட் இருக்கிறது, டிரைக்கோசிஸ்ட் வெளியேறுகிறது. 27 டிகிரியில் இரண்டும் இல்லை. ஸ்நேர் மரபணுக்களை யாரும் தொடவில்லை. அப்புறம், 1998இல், நீங்கள் சொன்ன நோபலைப் பகிர்ந்துகொண்ட ராத்மனின் குழு வெறும் ஸ்நேர்களை வைத்துச் செயற்கைக் கொழுப்புப் பைகளை இணைத்துக் காட்டியது. அருமையான சோதனை. ஆனால் அந்த இணைவு நிமிடக்கணக்கில் நடந்தது. 80 மில்லிசெகண்ட் எங்கே, அது எங்கே?

வண்டல்:
கால்சியத்தை இருவருமே விட்டுவிட்டீர்களே. பாரமீசியத்தின் செல் சவ்வுக்கு அடியிலேயே ஆல்வியோலார் பைகள் இருக்கின்றன, அவை கால்சியக் கிடங்கு. தூண்டியதும் அங்கிருந்து கால்சியம் கசிகிறது, வெளியிலிருந்தும் உள்ளே வருகிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் பிளாட்னர் குழு இதைப் பல ஆண்டுகள் அளந்தது. வில்லை விடுவிப்பது அதுதான்.

குளத்துநீர்:
விடுவிப்பது கால்சியம், சரி. ஆனால் ரோசெட் இல்லாத இடத்தில் கால்சியத்தால் பயன் இல்லை.

ஈஸ்ட்காரி:
2002இல் பாரமீசியத்திலேயே என்எஸ்எஃப் மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். ரோசெட் சரியாகக் கூடவில்லை. அதாவது உங்கள் ரோசெட்டைக் கட்டுவதற்கே ஸ்நேர்களைக் கையாளும் இயந்திரம் வேண்டியிருக்கிறது. மேலே நிற்பது எது?

குளத்துநீர்:
கட்டுவதற்கு ஒன்று, கட்டியதை நிறுத்திவைக்க இன்னொன்று. அந்தச் சோதனை முதலாவதைத்தான் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ராப்ட்ரி என்ற பையைச் சுரந்துதான் நம் செல்லுக்குள் நுழைகிறது. அந்தச் சுரப்புக்கும் என்டி புரதங்கள் (என்டி திரிபுகளில் பழுதாகியிருப்பவை) தேவை என்று 2021இல் நிறுவினார்கள்; மலேரியா ஒட்டுண்ணியிலும் என்டி9 இல்லாமல் முடியவில்லை. ஸ்நேரைத் தாக்கும் மருந்து நோயாளியின் நரம்பையும் தாக்கும். பாரமீசியமும் இந்த ஒட்டுண்ணிகளும் சேர்ந்த ஆல்வியோலேட்டா குழுவுக்கே உரிய பாகத்தைத் தாக்கினால் அந்த ஆபத்து குறைவு. ‘எல்லாம் ஸ்நேர்தான்’ என்று மூடிவிட்டால் இந்த வழி யார் கண்ணிலும் படாது.

ஈஸ்ட்காரி:
மருந்துக்கான இலக்கு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு புரதம் இல்லாவிட்டால் வேலை நிற்கிறது என்பதும், அந்த வேலையை அது செய்கிறது என்பதும் ஒன்றல்ல. ரோசெட் பையைச் சரியான இடத்தில் பொருத்துவதோடு நின்றுவிடலாம். செயற்கைப் பைகளில் ஸ்நேரோடு என்டி புரதங்களையும் சேர்த்து, கால்சியம் கொடுத்து, நிமிடம் மில்லிசெகண்டாக இறங்குவதைக் காட்டுங்கள். ஏற்றுக்கொள்கிறேன்.

குளத்துநீர்:
நியாயமான நிபந்தனை. என்டி9 செல்சாற்றில் பரவும் புரதம். இயல்பான பாரமீசியத்தின் செல்சாற்றை ஊசியால் செலுத்தினால் அந்தத் திரிபு மறுபடி சுரக்கிறது. ஆகவே அதைப் பிரித்தெடுப்பது எளிது, முதலில் அதையே எடுக்கலாம். கடினம் சவ்வுக்குள் துகளாக நிற்கும் புரதங்கள்தான். அவை இல்லாமல் செய்யும் சோதனை எதையும் நான் தோல்வியாக எண்ண மாட்டேன், நீங்களும் எண்ணக்கூடாது.