கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு இன்சூரன்ஸில் மாற்று வண்டி வாடகைப் பணம் கிடைக்குமா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கொஞ்சம் விவரம் சொல்லுங்கள். போன வாரம் சேரன்மகாதேவி பக்கம் மாடு குறுக்கே வந்து, காரின் முன்பக்க பம்பரும் ரேடியேட்டரும் போய்விட்டன. வண்டி வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பார்ட்ஸ் வர 2 வாரம் ஆகுமாம். அம்மாவை வாரம் 3 நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். டாக்ஸிக்கே கை காலியாகிறது.

என்னுடையது பம்பர் டு பம்பர் பாலிசி. அதில் எல்லாமே அடக்கம் என்று நினைத்திருந்தேன். அது தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தருவது மட்டும்தானாம். மாற்று வண்டிச் செலவுக்கு ‘டெய்லி அலவன்ஸ்’ என்று தனி ஆட்-ஆன் (பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்து வாங்கும் பாதுகாப்பு) வேண்டும். பாலிசித் தாளைப் புரட்டினேன். நல்லவேளை, பொடி எழுத்தில் அதுவும் இருக்கிறது. ஆனால் முதல் 3 நாள் கணக்கில் வராது, அதிகபட்சம் 10 நாள் என்று போட்டிருக்கிறது.

அந்த நாட்கள் வண்டியை விட்ட தேதியிலிருந்தா, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்த பிறகா? பார்ட்ஸுக்காகக் காத்திருக்கும் நாளும் சேருமா? அப்புறம், டாக்ஸி பில் கேட்பார்களா? எங்கள் ஊர் டிரைவர் அண்ணன் துண்டுச் சீட்டில்தான் எழுதித் தருவார். கிளெய்ம் வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.