ஆடாசிட்டி: மைக் வேலை செய்கிறது, ஆனால் பதிவைத் தொடங்கினால் ‘கருவியைத் திறப்பதில் பிழை’ (உபுண்டு 24.04)

ஒலிநூல் வாசகி (கேள்வி)

வணக்கம். நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் சிலவற்றை ஒலிநூலாகப் பதிவு செய்து வருகிறேன். மடிக்கணினியில் உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்), பதிவுக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள், யுஎஸ்பி மைக் ஒன்று. ஆடாசிட்டியின் ‘ஆடியோ செட்டப்’ பட்டியலில், ஹோஸ்ட் என்ற இடத்தில் அல்சாவையும் (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு), பதிவுக் கருவியாக மைக்கின் பெயரைத் தொடர்ந்து ‘ஹெச்டபிள்யூ:1,0’ என்று முடியும் வரியையும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

சில நேரங்களில் எந்தத் தடையும் இல்லாமல் பதிவாகிறது. சில நேரங்களில் பதிவுப் பொத்தானை அழுத்தியதுமே -9985 என்ற பிழை எண் வந்து நின்றுவிடுகிறது. மைக்கில்தான் கோளாறோ என்று கணினியின் செட்டிங்ஸில் ஒலிப் பக்கத்தைத் திறந்து பேசிப் பார்த்தால், அளவுப் பட்டை நன்றாகவே ஏறி இறங்குகிறது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஆடாசிட்டிக்கு வந்தால் மறுபடியும் அதே பிழை. உலாவியில் காணொளிக் கூட்டம் முடிந்த கையோடு பதிவு செய்ய முயன்றாலும் இதே கதைதான். சற்று நேரம் கழித்து வந்தால் சரியாகிவிடுகிறது.

வேறு சில நாட்களில் பட்டியலில் மைக்கின் பெயரே இருப்பதில்லை. ஒரு முறை ஓர் இயல் முழுவதும் மடிக்கணினியின் உள் மைக்கில் பதிவாகி, காற்றாடியின் இரைச்சலோடு வந்திருந்தது. இணையத்தில் தேடியபோது பல்ஸ்ஆடியோ என்ற ஒலி நிரலை நிறுத்துமாறு ஒரு கட்டளை கிடைத்தது; அதை இட்டால் அப்படி ஒரு நிரலே ஓடவில்லை என்று பதில் வருகிறது. காரணம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முனையப் பிரியன்

வணக்கம் அம்மா. நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: மைக்கை வேறொரு நிரல் பிடித்திருப்பது. மைக்கைச் சோதிப்பதற்காகத் திறந்து வைத்த அந்த ஒலிப் பக்கமே மைக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அளவுப் பட்டை அசைய வேண்டுமென்றால் மைக்கிலிருந்து ஒலியை வாங்கியாக வேண்டும் அல்லவா? பாவுகன்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலும் திறந்திருக்கும்வரை இதையே செய்யும்.

உபுண்டுவில் 22.10 பதிப்பிலிருந்து பல்ஸ்ஆடியோவின் இடத்தை பைப்வயர் என்ற புதிய ஒலி நிரல் எடுத்துக்கொண்டது. அதனால்தான் உங்களுக்குக் கிடைத்த பழைய கட்டளை வேலை செய்யவில்லை. உலாவி, செட்டிங்ஸ், இசைப்பான் எல்லாம் பைப்வயரிடம் கேட்கின்றன. அது மைக்கை ஒரு முறை திறந்து, கேட்ட நிரல்கள் எல்லாவற்றுக்கும் ஒலியைப் பகிர்ந்து தருகிறது. ‘ஹெச்டபிள்யூ’ என்ற வரியோ பைப்வயரை விலக்கிவிட்டு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் அல்சா இயக்கியை நேராகத் தொடுகிறது. பெரும்பாலான யுஎஸ்பி மைக்குகளை அந்த வழியில் ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே திறக்க முடியும். பைப்வயர் முன்பே திறந்திருந்தால் ஆடாசிட்டிக்கு இடமில்லை. ஆடாசிட்டி ஒலிக்காக நம்பியிருக்கும் போர்ட்ஆடியோ நூலகத்தில் -9985 என்ற எண்ணின் பொருள் ‘கருவி இப்போது கிடைக்காது’ என்பதே.

கூட்டம் முடிந்த பிறகும் சிறிது நேரம் பிழை தொடர்வதற்கும் காரணம் உண்டு. பயன்பாடு நின்றவுடனேயே பைப்வயர் கருவியை விட்டுவிடுவதில்லை. அதன் மேலாளரான வயர்பிளம்பர், இயல்பு அமைப்பில் 5 நொடிகள் காத்திருந்த பிறகே கருவியை உறங்க வைக்கிறது. உலாவியில் கூட்டத்தின் தாவல் மூடப்படாமல் இருந்தால் அந்த 5 நொடிக் கணக்கும் தொடங்காது.

பட்டியலில் பெயர் காணாமல் போவதையும் இதைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஆடாசிட்டி தொடங்கும்போது போர்ட்ஆடியோ ஒவ்வொரு கருவியையும் திறந்து பார்த்துத்தான் பட்டியலைத் தயாரிக்கிறது. அந்த நேரத்தில் மைக் வேறொருவர் கையில் இருந்தால், அதைத் திறக்க முடியாமல் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடும். பிறகு மைக் விடுபட்டாலும், ‘ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்’ கொடுக்கும்வரை பட்டியல் மாறாது. உள் மைக்கில் பதிவான இயலுக்கு இதுவோ, எண் மாற்றமோ காரணமாக இருக்கலாம். ஒலி அட்டைகளுக்கு அல்சா தரும் எண், அவை கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது. இன்று 1 ஆக இருக்கும் மைக் நாளை 2 ஆகலாம். ஆடாசிட்டி நினைவில் வைத்திருக்கும் பெயரில் அந்த எண்ணும் சேர்ந்திருப்பதால், எண் மாறினால் பழைய தேர்வு பொருந்தாமல் வேறு கருவிக்குப் போய்விடும். எந்த அறிவிப்பும் தராமல் இப்படிக் கருவியை மாற்றிக்கொள்வதைத்தான் இந்த மென்பொருளின் பெரிய குறையாக நான் கருதுகிறேன்.

தீர்வு: ஹோஸ்ட் அல்சாவாகவே இருக்கட்டும். பதிவுக் கருவியில் ‘பைப்வயர்’ அல்லது ‘டிஃபால்ட்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். எந்த மைக் என்பதைக் கணினியின் ஒலி செட்டிங்ஸில் ஒரு முறை குறித்துவிட்டால், அதன் எண் மாறினாலும் உங்களுக்குக் கவலையில்லை.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க விரும்பினால், பிழை வரும் நேரத்தில் டெர்மினலில் ஃபியூசர் கட்டளையை ‘வி’ தெரிவோடு, ‘டெவ்’ அடைவின் உள்ளே இருக்கும் ‘எஸ்என்டி’ அடைவின் கோப்புகள் மீது இயக்குங்கள். ‘பிசிஎம்சி1டி0சி’ என்பது போன்ற பெயர் வரும். எண் 1 உள்ள அட்டை, அதில் 0 ஆம் கருவி, இறுதியில் வரும் ‘சி’ பதிவுப் பக்கம். இறுதியில் ‘பி’ இருந்தால் ஒலிபரப்பும் பக்கம். ‘கன்ட்ரோல்’ என்று தொடங்கும் கோப்புகளை வயர்பிளம்பர் எப்போதும் திறந்தே வைத்திருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

ஆர்டோர் பயனர்

மேலே தரப்பட்ட விளக்கம் சரிதான், ஆனால் நேரடி வழியை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பகிர்ந்து பயன்படுத்தும் மைக்கில் ஓர் ஆபத்து உண்டு: காணொளிக் கூட்டம் நடத்தும் சில தளங்கள், பேசுபவரின் குரலுக்கு ஏற்ப மைக்கின் ஒலியளவைத் தாமே கூட்டிக் குறைக்கும். அந்த மாற்றம் உங்கள் ஒலிநூல் பதிவிலும் வந்து விழும். ஓர் இயலின் முற்பாதி உரக்கவும் பிற்பாதி தணிந்தும் இருந்தால், பிறகு சரிசெய்வது பெரும் தலைவலி.

நேரடி வழிதான் வேண்டுமென்றால், பாவுகன்ட்ரோலின் ‘கான்ஃபிகரேஷன்’ பக்கத்தில் அந்த மைக்கின் ப்ரொஃபைலை ‘ஆஃப்’ என்று மாற்றுங்கள். பைப்வயர் மைக்கை விட்டுவிடும். ஒலிபெருக்கி தனி அட்டையில் இருப்பதால் அது வழக்கம்போல் இயங்கும். பிறகு ஆடாசிட்டியில் ரீஸ்கேன் கொடுத்து ‘ஹெச்டபிள்யூ’ வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த மைக் ஆடாசிட்டிக்கு மட்டுமே உரியது. ஜாக் என்ற ஒலிச் சேவையகத்தைப் பயன்படுத்துவோருக்கு இந்த வேலை இல்லை; அது டி-பஸ் (நிரல்கள் தமக்குள் செய்தி அனுப்பும் அமைப்பு) வழியாக ‘இந்தக் கருவி எனக்கு வேண்டும்’ என்று முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. போர்ட்ஆடியோவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இந்த வழியில் போனால் மாதிரி வீதத்தையும் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) கவனியுங்கள். 48,000 ஹெர்ட்ஸை மட்டுமே ஏற்கும் மைக்கை 44,100 என்று அமைத்த திட்டத்தில் நேரடியாகத் திறந்தால், -9997 என்ற வேறொரு பிழை வரும். மாற்றித் தர இடையில் யாரும் இல்லை. லிப்ரிவாக்ஸ் போன்ற ஒலிநூல் தளங்கள் 44,100 கேட்டாலும், பதிவை 48,000இல் செய்து, ஏற்றுமதியின்போது மாற்றிக்கொள்வதே எளிது.

முனையப் பிரியன்

ஒலியளவு பற்றி ஆர்டோர் பயனர் சொன்னதை ஏற்கிறேன். பதிவு நேரத்தில் கூட்டத் தாவலை மூடிவிடுவது நல்லது. ஆனால் தரத்துக்காக மட்டும் நேரடி வழிக்குப் போக வேண்டியதில்லை. பைப்வயர் உள்ளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் இயங்குகிறது; 24 பிட் மாதிரி அதில் சிதையாமல் அடங்கும். அதன் இயல்பு வீதமும் 48,000 தான். ஆகவே திட்டமும் 48,000 ஆக, ஒலியளவு முழுமையாக இருந்தால், காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

ஒலிநூல் வாசகி

இருவருக்கும் நன்றி. பைப்வயர் வரிக்கு மாறியதும் செட்டிங்ஸ் பக்கம் திறந்திருந்தாலும் பதிவாகிறது. ஆனால் வேறொன்று: உலாவியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய திட்டத்தில் முதல் தடம் பதிவாகிறது, அதே திட்டத்தில் இரண்டாவதாக ஒரு புதிய தடத்தில் பதிவு செய்தால் மட்டும் பிழை வருகிறது. மைக் அதே மைக்தான். ஃபியூசரில் பைப்வயரின் பெயர் ‘பி’ என்று முடியும் கோப்புக்கு எதிரே இருக்கிறது.

முனையப் பிரியன்

அந்த ‘பி’ தான் விடை. ஒலிபரப்பும் கருவியாக இன்னும் ‘ஹெச்டபிள்யூ:0,0’ இருக்கிறது என்று நினைக்கிறேன். திட்டத்தில் முன்பே ஒரு தடம் இருந்தால், புதிய தடத்தைப் பதிவு செய்யும்போது பழையதை உங்கள் காதுக்குக் கேட்கச் செய்வது ஆடாசிட்டியின் இயல்பு அமைப்பு. எனவே இரண்டாம் முறை அது மைக்கோடு ஒலிபெருக்கியையும் சேர்த்தே திறக்க முயல்கிறது. ஒலிபெருக்கியோ உலாவிக்காக பைப்வயரின் கையில் இருக்கிறது. இரண்டில் ஒன்று திறக்காவிட்டாலும் பதிவு தொடங்காது. முதல் தடத்தின்போது கேட்க வேறு தடம் இல்லாததால் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

ஒலிபரப்பும் கருவியையும் பைப்வயர் வரிக்கே மாற்றுங்கள். ஒருவர் மட்டும் வாசிக்கும் நூலுக்குப் பழைய தடத்தைக் கேட்டுக்கொண்டே பதிவு செய்யும் தேவை இல்லாததால், ‘டிரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் அந்தத் தெரிவையும் நீக்கிவிடலாம்.

ஒலிநூல் வாசகி

மாற்றிவிட்டேன், இரண்டாம் தடமும் பதிவாகிறது. இன்னொரு வாசகர் விண்டோஸ் 11 பயன்படுத்துகிறார். அவருக்கு -9999 வருகிறதாம். அதுவும் இதே காரணமாக இருக்குமா?

ஆர்டோர் பயனர்

பெரும்பாலும் இல்லை. விண்டோஸில் அந்த எண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தனியுரிமை செட்டிங்ஸில் உள்ள மைக்ரோஃபோன் அனுமதி. அங்கே டெஸ்க்டாப் செயலிகளுக்கான தெரிவு தனியாக, பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கும். அது சரியாக இருந்தும் பிழை நீங்காவிட்டால், பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் மைக்கின் பண்புகளைத் திறந்து, ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் செயலிகள் கருவியைத் தமக்கு மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் இரண்டு பெட்டிகளின் குறியையும் நீக்கச் சொல்லுங்கள். அப்போதும் வந்தால், ஆடாசிட்டியின் ஹோஸ்ட்டை வசாபியிலிருந்து எம்எம்இக்கு (இரண்டும் விண்டோஸின் ஒலி வழிகள்) மாற்றிப் பார்த்துவிட்டு, என்ன எண் வருகிறது என்று இங்கே எழுதட்டும்.