உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு ஆய்வில் பங்கேற்ற அனுபவம் யாருக்காவது உண்டா?

சுமதி

எனக்கு உண்டு. சளி பிடித்த மறுநாளே ஓர் ஆய்வில் சேர்ந்தேன். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவி, தொண்டையிலும் கொப்பளித்தால் சளி சீக்கிரம் விடுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். குலுக்கலில் நான் "வழக்கம்போல் இருங்கள்" என்ற குழுவில் விழுந்தேன். உப்பும் வீட்டில் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, தொடக்கூடாது என்கிறார்கள்!

காலையில் பஞ்சுக்குச்சியை மூக்குக்குள் விட்டுச் சுழற்றி, குழாயில் போட்டு மூடவேண்டும். பிறகு படிவம்: தும்மல், இருமல், மூக்கடைப்பு, தூக்கம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இருமல் உச்சத்தில் இருந்த இரவில், யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் கொப்பளித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். எல்லோரும் அடக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். மாத்திரை என்றால் மருந்தில்லாத ஒன்றைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். உப்பு வாயில் பட்டவுடன் காட்டிக்கொடுத்துவிடும். தான் எந்தக் குழு என்று தெரிந்த ஆள் போடும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது?

இளங்கோ

சுமதி அக்கா, எனக்கு உப்புப் பக்கம் கிடைத்தது. வேறோர் ஆய்வு. பொறாமைப்படாதீர்கள், முதல் தடவை கண்ணில் நீர் கட்டிவிட்டது. 250 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2 சதவீதம். நம் உடல் திரவத்துக்கு ஒத்தது 0.9 சதவீதம்தான், எரியாமல் என்ன செய்யும்?

தொட்டிமேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி ஒரு துளையில் ஊற்றினால் மறு துளை வழியாக வரும். வரும் என்றார்கள், எனக்குத் தொண்டைக்குள் இறங்கியது. பழகியபின் சரியாயிற்று. மூக்கடைப்பு உடனே இளகியது உண்மை. ஆனால் அரைமணி கழித்து மறுபடி அடைத்துக்கொள்ளும். சளி மொத்தத்தில் சீக்கிரம் போனதா என்று கேட்டால், எதோடு ஒப்பிட்டுச் சொல்வேன்? அதே சளியை உப்பில்லாமல் இன்னொரு முறை பிடித்துப் பார்க்க முடியாதே.

மரகதம் (ஓய்வுபெற்ற செவிலியர்)

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கொப்பளிக்கக் குடிநீர் போதும். மூக்குக்குக் குழாய்த் தண்ணீரை நேராக விடவேகூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும். அரிதானது, வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கொப்பளித்ததை விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

கதிரவன்

புள்ளியியல் என் தொழில் என்பதால் மூக்கை நுழைக்கிறேன்.

எடின்பரோவில் நடந்த முன்னோட்ட ஆய்வு 2019இல் வெளியானது. 66 பேர். கழுவிக் கொப்பளித்தவர்களுக்குச் சளி சராசரியாக 1.9 நாள் முன்னதாக விட்டது, வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றியது 35 சதவீதம் குறைந்தது. சுமதியின் கேள்விக்கும் அதில் ஓரளவு விடை உண்டு: மதிப்பெண்ணோடு நிற்காமல், பஞ்சுக்குச்சியில் வைரஸின் அளவையும் பார்த்தார்கள்; அதுவும் வேகமாகக் குறைந்தது. மனத் திருப்தியால் வைரஸின் எண்ணிக்கை குறையாது. செல்கள் உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு வைரஸை அடக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கின்றன என்பது அதே குழுவினர் ஆய்வகத்தில் கண்ட விளக்கம். ஆனாலும் 66 பேர் என்பது சின்ன எண்ணிக்கை.

வெறும் தண்ணீர்க் கதை இன்னும் வேடிக்கை. 2005இல் வந்த ஜப்பானிய ஆய்வில், தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளி 36 சதவீதம் குறைவு. அயோடின் கரைசலில் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை! கனடாவில் 600 மாணவர்களை வைத்துப் பார்த்தபோது (2014) தண்ணீர்க் கொப்பளிப்பால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை.

கொரோனா காலத்தில் டெக்சாஸில் 58 பேரை வைத்து நடந்த ஆய்வை வாட்ஸ்அப்பில் பலரும் அனுப்புகிறார்கள். கொப்பளித்து மூக்கைக் கழுவிய இரு குழுக்களில், குறைந்த உப்புக்கும் அதிக உப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் சேர்ந்தோர் விகிதம் ஆய்வில் சேராத மற்ற நோயாளிகளைவிட வெகு குறைவு என்பதுதான் தலைப்புச் செய்தியானது. அந்த மற்ற நோயாளிகள் குலுக்கலில் வந்தவர்கள் அல்லர். ஆய்வில் சேர முன்வருகிறவர் பெரும்பாலும் தன்னைக் கவனித்துக்கொள்கிறவராகவே இருப்பார். அதை உப்பின் கணக்கில் எழுதுவது நியாயமா?

நந்தினி

குழந்தைக்குக் கொப்பளிக்கத் தெரியாது. நாங்கள் செய்தது உப்புத் தண்ணீர் மூக்குச் சொட்டு. பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்வாள். தூக்கக் கலக்கத்தில்தான் விட முடிந்தது. இரவில் மூச்சு சீராக வந்தது என்பது என் அனுபவம். குழந்தைகளிடம் யாராவது சோதித்திருக்கிறார்களா?

கதிரவன்

சோதித்திருக்கிறார்கள் நந்தினி, அதே எடின்பரோ குழுவினர்தான். ஆறு வயது வரையுள்ள 407 குழந்தைகள், வீட்டில் பெற்றோரே தயாரித்த சொட்டு. சளி 8 நாளுக்குப் பதில் 6 நாளில் விட்டது. வீட்டில் வேறு யாருக்காவது சளி வந்ததாகச் சொன்ன குடும்பங்கள் 61 சதவீதத்துக்குப் பதில் 41 சதவீதம். 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மருத்துவ மாநாட்டில் அறிவித்தார்கள். இங்கும் பெற்றோருக்கு எந்தக் குழு என்று தெரியும். ஆனாலும் எண்ணிக்கை பெரிது என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை கூடுதல்.

இளங்கோ

மரகதம் அம்மா, காலையில் கரைத்து வைத்ததையே இரவுவரை பயன்படுத்தலாமா?

மரகதம்

கொப்பளிக்க என்றால் மூடிவைத்து அன்றைக்குள் தீர்த்துவிடுங்கள் தம்பி. மூக்குக்கு அவ்வப்போது புதிதாகக் கரைப்பதே நல்லது. பாட்டிலையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவிட வேண்டும்.