வேனில் பாடல்கள் சொல்லி உதவுங்கள்

வணக்கம். சங்கப் பாடல்களில் மழைக்காலமான காரும் வெயில்காலமான வேனிலும் எப்படி எதிரெதிராக நிற்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு தயார் செய்கிறேன்.

காருக்குக் குறுந்தொகை 21, 66 இரண்டையும் எடுத்திருக்கிறேன். கொன்றை பூத்துவிட்டது, கார் வந்ததும் திரும்புவேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவர் வரவில்லை. 21இல் தலைவி, காடே இது கார்காலம் என்றாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். 66இல் தோழி, பருவம் தப்பிய மழையைக் கார் என்று எண்ணிப் பூத்த கொன்றைதான் பேதை என்கிறாள். காத்திருக்கும் மனசு பருவத்தையே மறுத்துப் பேசுகிறது, என்ன அழகு!

சரி, வேனிலுக்கு? குயில் கூவ, மரம் பூக்க, அந்த அழகே பிரிந்தவளுக்கு வலியாகும் பாடல்கள் அகநானூறு, ஐங்குறுநூறு, கலித்தொகையில் எவை? பாடல் எண்ணோடு சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும் எளிய உரை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.