நிக்கான் டி5300-க்கு அல்ட்ரா வைட் லென்ஸ்: 10-20 ஏஎஃப்-பியா, டோக்கினா 11-16-ஆ?

கேள்வி

வணக்கம். கையில் இருப்பது நிக்கான் டி5300, கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ். எடுக்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, வாடகைக்கு விடும் வீடுகளின் உள்ளறைகள்; பெரும்பாலும் 10க்கு 12 அடி. இன்னொன்று கோயில் கட்டடங்கள், முக்கியமாகத் தஞ்சைப் பெரிய கோயில். 18-இல் அறையின் ஒரு சுவர்தான் முழுதாக வருகிறது. விமானத்துக்காக (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) கேமராவை மேலே தூக்கினால் அது பின்பக்கம் சாய்ந்தது போல் ஆகிவிடுகிறது.

யோசித்து வைத்திருப்பவை: நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 எஃப் 4.5-5.6 விஆர் (விஆர் என்றால் கை அதிர்வைச் சமாளிக்கும் வசதி), அல்லது பழையதாகக் கிடைக்கும் டோக்கினா 11-16 எஃப் 2.8. கடையில் 10-20ஐ மாட்டிப் பார்த்தபோது ஃபோகஸே ஆகவில்லை. லென்ஸில் கோளாறா? 16-35 போல ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கேமராவுக்கான) லென்ஸாக வாங்கினால் பிற்காலத்துக்கும் உதவும் என்கிறார்களே, சரியா?

பதில் 1

16-35ஐ முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் சென்சார் அகலம் 23.5 மி.மீ. அதில் 18 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக 66 டிகிரி பார்க்கும், 16 மி.மீ. 73 டிகிரி. அவ்வளவு பணமும் எடையும் கொடுத்து 7 டிகிரி வாங்குவதில் அர்த்தமே இல்லை. 12-இல் 89, 11-இல் 94, 10-இல் 99 டிகிரி.

அறைப் படத்துக்கு இதில் முக்கியமான எண் 90. மூலையில் நின்றால் இரு பக்கச் சுவர்களும் 90 டிகிரியில் பிரிகின்றன. அதற்குக் குறைவான லென்ஸில் இரண்டில் ஒன்று வெட்டுப்படும். 11-இல் பக்கத்துக்கு 2 டிகிரிதான் மிச்சம். கோணலை நிமிர்த்தி ஓரத்தை வெட்டினால் அதுவும் போய்விடும். சின்ன அறைகள்தான் உங்கள் முதல் வேலை என்றால் 10-இல் தொடங்கும் லென்ஸே சரி. டெலிபோட்டோவில் ஒரு மி.மீ. யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும்.

விமானம் சாய்வதற்குக் காரணம் கேமராவை அண்ணாந்து பிடிப்பது. கேமரா மட்டமாக இருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடித்தால், 10 மி.மீ.யில் நிற்கும் தூரத்தைப் போல 1.17 மடங்கு உயரம் கண்மட்டத்துக்கு மேலே கிடைக்கும், 18-இல் 0.65 மடங்குதான். விமானம் ஏறக்குறைய 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10-இல் சுமார் 50 மீட்டர் தள்ளி நின்றால் போதும், 18-இல் 90 மீட்டர் போக வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக வரும், அதை வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் இருக்கிறது, தாங்கும்.

பதில் 2

கடையில் ஃபோகஸ் ஆகாததற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். ஏஎஃப்-பி லென்ஸில் ஸ்டெப்பிங் மோட்டார் இருக்கிறது. டி5300 வெளிவந்தபோது அந்த வகை லென்ஸே கிடையாது. கேமராவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால்தான் கேமராவுக்கு அது புரியும். டி3300, டி5500-க்கும் இதே கதை. டி3100, டி3200, டி5100, டி90 வைத்திருப்பவர்களுக்கு வழியே இல்லை, அவர்கள் ஏஎஃப்-பி பக்கம் போகக் கூடாது.

பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, நிக்கான் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கோப்பை இறக்கி, விரித்துக் கிடைக்கும் .bin கோப்பைக் கார்டில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள். கேமராவில் செட்டப் மெனு, ஃபர்ம்வேர் வெர்ஷன், அப்டேட். முடியும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். பாதியில் அணைந்தால் சர்வீஸ் சென்டர்தான். முடிந்ததும் அதே கடைக்குப் போய் மறுபடி மாட்டிப் பாருங்கள்.

புதுப்பித்த பிறகும் டி5300-இல் ஒரு வம்பு உண்டு. கேமராவைத் தூங்கவைக்கும் ஸ்டாண்ட்பை டைமர் ஓய்ந்து கேமரா மறுபடி விழித்தால் ஃபோகஸ் இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கும். மேனுவல் ஃபோகஸில் வைத்துவிட்டு வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவர்கள் டைமரை நீட்டிவையுங்கள், இல்லையென்றால் மறுபடி ஃபோகஸ் செய்துவிட்டு எடுங்கள். இந்த லென்ஸில் ஏஎஃப்/எம்எஃப் சுவிட்சும் இல்லை, கேமராவில்தான் மாற்ற வேண்டும்.

டோக்கினா வாங்குவதானால் இதைக் கவனியுங்கள்: 11-16 முதல் பதிப்பின் நிக்கான் மவுன்ட்டில் மோட்டார் கிடையாது. டி5300 பாடியிலும் கிடையாது. ஆக ஆட்டோஃபோகஸ் வராது. இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. விற்பவர் பெரும்பாலும் "11-16 எஃப் 2.8" என்று மட்டும்தான் போடுவார், எந்தப் பதிப்பு என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆனால் எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் வரும் என்பதால் எஃப் 2.8-ஐ விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கோயில் மண்டபத்துக்குள் இருட்டாக இருக்குமே? அதோடு, 18-55-இன் முன்னால் திருகும் 0.45 மடங்கு வைட் கன்வெர்ட்டர் மிகக் குறைந்த விலையில் வருகிறது. அது தற்காலிகமாக உதவுமா?

பதில் 1

கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். நடுவில் ஓரளவு சரியாகத் தெரியும். ஓரங்கள் கரைந்து, நிறம் பிரிந்து, சுவர்கள் பீப்பாய் போல் வளையும். வீட்டு விளம்பரத்தில் வளைந்த சுவர் உதவாது.

வாங்கும்வரை 18-55-ஐ வைத்தே பல படங்களை ஒட்டிச் சேர்த்து ஒட்டுப்படம் எடுக்கலாம். நெட்டுவாக்கில் 18-இல் ஒவ்வொரு படமும் 47 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பக்கவாட்டில் மூன்று படம் எடுத்தால் 10 மி.மீ.யின் அகலம் வந்துவிடும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவலில் இருக்க வேண்டும். கோபுரம், விமானம் போல் தூரத்தில் உள்ளவற்றுக்கு அருமையாக ஒட்டும். அறைக்குள், பக்கத்தில் நாற்காலி மேசை இருந்தால் ஒட்டும் இடத்தில் பிசகும்.

எஃப் 2.8 பற்றி: 4.5-ஐ விட ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), அவ்வளவே. தூண்கள் அசையாது. விஆர் இருப்பதால் 10 மி.மீ.யில் கால் நொடிவரை கையிலேயே பிடிக்கலாம், தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் டிரைபாடுக்குத் தனி அனுமதி தேவைப்படும் என்பதால் விஆரின் மதிப்பு அங்கேதான் தெரியும். படம் எடுக்கவே அனுமதி இல்லாத இடத்தில் எந்த லென்ஸும் வேண்டாம். எஃப் 2.8 அவசியப்படுவது நட்சத்திரப் படத்துக்கும், இருட்டில் நடமாடும் மனிதர்களுக்கும். உங்கள் பட்டியலில் இரண்டும் இல்லை. எடையையும் பாருங்கள்: நிக்கான் 230 கிராம், டோக்கினா அரைக் கிலோவுக்கு மேல்.

பதில் 3

10-20 எடுத்தால் சில குறிப்புகள்.

அறைக்குள் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, டிரைபாட். 10 மி.மீ., எஃப் 8-இல் கணக்குப்படி 0.65 மீட்டரில் ஃபோகஸ் செய்தாலே முப்பது சென்டிமீட்டர் சொச்சத்திலிருந்து முடிவிலிவரை தெளிவு வரும். 24 மெகாபிக்சலைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் என்பதால் ஒரு மீட்டரில் வையுங்கள். லென்ஸில் தூர அளவுகோல் இல்லை. லைவ் வியூவில் பெரிதாக்கித்தான் வைக்க வேண்டும். எஃப் 16-க்குப் போகாதீர்கள், சின்னத் துளையில் ஒளி சிதறும் விளிம்புவிலகலில் மொத்தப் படமும் மழுங்கும்.

கேமரா நெஞ்சுயரத்தில், மட்டமாக. டி5300-இன் திரை திரும்புவதால் முதுகை மூலையில் ஒட்டவைத்தும் எடுக்கலாம். பாப்-அப் ஃபிளாஷ் வேண்டாம்: அது 18 மி.மீ. அகலத்துக்குத்தான் வெளிச்சம் போடும், ஓரங்கள் இருண்டுவிடும். ஜன்னல் வெளுத்தால் வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் (பிராக்கெட்டிங்).

ஆட்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். இடது வலது விளிம்பில் முகம் ஒன்றரை மடங்கு அகலமாகும். இது லென்ஸின் குறை இல்லை, நேர்கோட்டை நேராக வைப்பதற்குக் கொடுக்கும் விலை. சாஃப்ட்வேரில் டிஸ்டார்ஷனைத் திருத்தினாலும் போகாது.

ஃபில்டர் அளவு 72 மி.மீ. மெல்லிய வளையமாக ஒன்றே ஒன்று போடுங்கள், இரண்டை அடுக்கினால் மூலை கறுக்கும். நீல வானத்துக்குப் போலரைசர் வேண்டாம். இவ்வளவு அகலத்தில் வானத்தின் நடுவில் மட்டும் கருநீலப் பட்டையாக நிற்கும்.

கேட்டவர்

ஃபர்ம்வேர் ஏற்றியாயிற்று, கடையில் ஃபோகஸ் சட்டென்று ஆகிறது. பழைய 10-20 ஒன்றும் விலைக்கு வருகிறது. எதைச் சோதிப்பது?

பதில் 2

செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே, இணையாக, டிரைபாடில் வைத்து 10 மி.மீ., எஃப் 4.5-இல் எடுங்கள். நான்கு மூலைகளையும் நூறு சதவீதத்தில் ஒப்பிடுங்கள். எல்லா மூலையும் ஒரே அளவு மென்மை என்றால் அது இந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கி, எஃப் 8-லும் தேறாவிட்டால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, விட்டுவிடுங்கள். கேமராவைத் தலைகீழாக வைத்து இன்னொரு முறை எடுங்கள்: கலங்கல் இப்போது சுவரின் எதிர்மூலைக்குப் போனால் லென்ஸ், சுவரின் அதே இடத்திலேயே நின்றால் நீங்கள் இணையாக வைக்கவில்லை.

டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை. எந்த விலைக்கும் வேண்டாம்.