சீகை வெட்டிய சரிவில் புல் வர என்ன செய்யலாம்?

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. போன வருடம் அதில் நின்ற சீகை மரங்களை (சீயக்காய் அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம்) வெட்டினோம். முதல் மழைக்கே கீரைப் பாத்தி போட்டது போலச் சீகைக் கன்றுகள் முளைத்துவிட்டன. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்குமாம். பிடுங்கிப் பிடுங்கி விரல் காய்த்துப்போனதுதான் மிச்சம்.

ஊரில் பலரும் "சோலை மரம் நடுங்க" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த உயரத்தில் சோலை என்கிற அடர்ந்த குட்டைக் காடு, ஓடை ஓடும் மடிப்புகளில்தான் நிற்கும். திறந்த சரிவில் டிசம்பர், ஜனவரி உறைபனி பெரும்பாலான சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும். அங்கே புல்தான் ராஜா. உறைபனியைத் தாங்கி நடுவே நிற்பது காட்டுப்பூவரசு (ரோடோடெண்ட்ரான்) போன்ற ஒன்றிரண்டு மரங்கள்தான். அதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருப்பது தனிக்கதை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியை ஆங்கிலேயர் தரிசு என்று எழுதிவைத்தார்கள். 1840களில் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன.

எனக்கு வேண்டியது இதுதான்: உள்ளூர்ப் புல்லைத் தூராகப் பிரித்து நட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? எந்த மாதம், எவ்வளவு இடைவெளி? நாற்று எங்கே கிடைக்கும்? காப்புக்காட்டில் பிடுங்கி வர எனக்கு விருப்பமில்லை. அப்புறம், கோத்தகிரிச் சரிவுகளின் பழைய புகைப்படம் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி.